மலாக்காவுக்கு ஒரு நாள், தனியாக
நெகிரி செம்பிலான் தோட்டத்துப் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமார்களே, தங்கச்சிகளே,

தம்பின், கெமஞ்சே, பகாவ், ரந்தாவ், சிலியாவ், லிங்கி வட்டாரத் தோட்டங்களில் இன்னும் குடியிருக்கிறவர்களுக்கும், தோட்டம் விற்கப்பட்டு மலிவுவிலை வீடுகளுக்கு மாறிப்போனவர்களுக்கும், விடியுமுன் செனாவாங் தொழிற்சாலைப் பேருந்துக்காகச் சாலையோரம் நிற்கிறவர்களுக்கும் இந்த மடலை எழுதுகிறேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இந்த வருஷம் முடிவதற்குள் ஒரு நாள், யாரையும் கூட்டிக்கொள்ளாமல், மலாக்காவுக்குப் போய்வாருங்கள். காலையில் போய் மாலையில் திரும்பினால் போதும். நேர்த்திக்கடன் இருக்க வேண்டாம், கல்யாணப் பத்திரிகை வந்திருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிச் சீட்டு கையில் இருக்க வேண்டாம். ஊரைப் பார்ப்பதற்காகவே போங்கள்.

“தனியாவா? எதுக்கு?” என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நானும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். நாம் வெளியே போகாதவர்கள் இல்லை. தைப்பூசத்துக்கு வேன் பிடித்துப் பத்துமலை போகிறோம். பிள்ளைக்கு அடையாள அட்டை எடுக்கச் சிரம்பான் போகிறோம். மாமியாரின் இனிப்புநீர் மருந்துக்குக் கிளினிக்கில் அரை நாள் உட்கார்ந்திருக்கிறோம். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் வேறொருவருடையதாக இருக்கும்.

போர்ட்டிக்சன் கடல் நமக்குப் புதிதல்ல. பள்ளி விடுமுறையில் குடும்பமே திரண்டு தெலுக் கெமாங் போயிருக்கிறோம். பெரியவர்களின் அஸ்தியைக் கரைக்கவும் போயிருக்கிறோம். ஆனால் அந்த நாட்களில் நாம் கடலைப் பார்த்தோமா? ஆண்கள் பார்த்தார்கள், பிள்ளைகள் பார்த்தார்கள். நாம் புளிச்சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து பரிமாறினோம், ஈரத்துணியை மாற்றிவிட்டோம், ஆழத்துக்குப் போகாதே என்று கத்தினோம், திரும்பிவரும்போது வேனில் யாருடைய தலையையோ மடியில் தாங்கிக்கொண்டு வந்தோம். கூட்டமாகப் போவது ஒரு சுகம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கூட்டத்தில் போகிற பெண்ணோடு அவள் அடுப்படியும் கூடவே வந்துவிடுகிறது.

தனியாகப் போகிற அன்று, இந்தச் சந்தில் திரும்பலாமா, இந்தப் படியில் ஏறலாமா, இங்கேயே உட்காரலாமா என்பதை எல்லாம் நீங்களே முடிவு செய்ய வேண்டியிருக்கும். இது ஒரு பெரிய விஷயமா என்று தோன்றலாம். எந்த நிரையில் வெட்டுவது என்பதைத் தண்டல் சொன்னார். எந்த நேரத்தில் பால் நிறுக்க வர வேண்டும் என்பதைக் கிராணி சொன்னார். இப்போது தொழிற்சாலையில் எந்த ஷிப்ட் என்பதை ஒரு தாள் சொல்கிறது. வீட்டுக்கு வந்தால் என்ன சமைப்பது என்பதைக்கூட மற்றவர்களின் நாக்கு சொல்கிறது. இப்படிப் பல வருஷம் வாழ்ந்தவளுக்கு, ஒரு தெருமுனையில் நின்று இடமா வலமா என்று தானே யோசிப்பது பெரிய விஷயம்தான்.

நம் பாட்டிமார் இந்த நாட்டின் கடலோர நகரம் ஒன்றை முதன்முதலில் பார்த்த நாளை நினைத்துப் பாருங்கள். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி, ரஜூலா போன்ற கப்பல்களின் மேல்தளத்தில் நெருக்கியடித்துப் படுத்து, பினாங்கிலோ, இன்று கிள்ளான் துறைமுகம் என்று நாம் சொல்லும் போர்ட் சுவெட்டன்ஹாமிலோ வந்து இறங்கினார்கள். துறைமுகத்துக்கு அப்பால் கடைகள் இருந்தன, வண்டிகள் ஓடின, விளக்குகள் எரிந்தன. அவர்களை நோய்த்தடுப்பு முகாமில் வைத்தார்கள். அங்கிருந்து வெளியே வந்ததும் கங்காணி தலையை எண்ணித் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். 1938இல் இந்திய அரசாங்கம் தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்யும்வரை, ஆயிரமாயிரம் பெண்கள் இப்படித்தான் ஒரு நகரத்தின் வாசலில் இறங்கி, நகரத்தைப் பார்க்காமலே ரப்பர் காட்டுக்குள் போனார்கள். அந்த நாள் அவர்களுக்குச் சொந்தமாக இருக்கவில்லை. பிறகு 1943இல் சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படை அமைந்தபோது, மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்தும் இளம்பெண்கள் போய்ச் சேர்ந்தார்கள். பால்வாளி தூக்கிய கையில் துப்பாக்கி ஏந்திய அவர்களையும் சேர்த்துத்தான் நம் பாட்டிமார் என்கிறேன். வீட்டுப் படியைத் தாண்டுவது நம் இரத்தத்தில் இல்லாத பழக்கம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கோலாலம்பூர் இருக்க மலாக்கா எதற்கு? முதல் காரணம் தூரம். தம்பினிலிருந்து 40 கிலோமீட்டருக்குள்தான். சிரம்பானிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். அடுத்த காரணம், பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதியை நடந்தே பார்த்துவிடலாம். மூன்றாவது காரணம் நம் மாநிலத்தோடும் நம் ஆட்களோடும் பிணைந்தது, அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தம்பினுக்கும் மலாக்காவுக்கும் இடையே ஒரு காலத்தில் ரயில் ஓடியது. 1905இல் திறந்த கிளைப்பாதை அது. இன்று பெரியவர்கள் பலருக்கே அது தெரியாது, ஏனென்றால் தண்டவாளம் இல்லை. ஜப்பானியர் காலத்தில் அதைப் பெயர்த்தெடுத்துச் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். அதே பாதைக்குத்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களையும் வாரிக்கொண்டு போனார்கள். சம்பளம் தருகிறோம், சாப்பாடு தருகிறோம் என்றார்கள். பிறகு கையில் அகப்பட்டவர்களை எல்லாம் லாரியில் ஏற்றினார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் அந்தக் காட்டிலேயே முடிந்துபோனார்கள். ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்ற நாவலை அந்தக் கொடுமையை வைத்துத்தான் எழுதினார். நம் வாசலில் கிடந்த இரும்பும் நம் வீட்டு ஆணும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். போர் முடிந்த பிறகும் அந்தப் பாதையை யாரும் திரும்பப் போடவில்லை. மலாக்கா நகருக்கு இன்றும் ரயில் கிடையாது. ரயிலில் வருகிறவர்கள் தம்பினை ஒட்டிய புலாவ் செபாங் நிலையத்தில் இறங்கிப் பேருந்தோ வாடகை வண்டியோ பிடிக்கிறார்கள். தம்பினிலிருந்து மலாக்காச் சாலையில் போகும்போது இதை மனதில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பாருங்கள்.

மலாக்கா சென்ட்ரல் பேருந்து நிலையம் ஊரின் நடுவில் இல்லை. அங்கிருந்து நகரப் பேருந்தில் ஏறி, சிவப்புக் கட்டடங்கள் இருக்கும் சதுக்கத்தில் இறங்குங்கள். டச்சுக்காரர்கள் கட்டிய நகர மண்டபமும், 1753இல் முடிந்த தேவாலயமும் அங்கே இருக்கின்றன. எல்லாரும் அங்கே நின்று படம் எடுப்பார்கள். நீங்களும் ஒன்று எடுத்துக்கொண்டு, நேரே பின்னால் இருக்கும் குன்றில் ஏறிவிடுங்கள்.

மேலே கூரையில்லாத ஒரு பழைய தேவாலயம் நிற்கிறது. 1521இல் போர்த்துக்கீசர் தொடங்கியது. முத்துக்குளித்துறையில் நம் பரதவ மக்களோடு இருந்துவிட்டு 1545இல் மலாக்கா வந்த புனித சவேரியாரின் உடல், அவர் சீனக் கரையோரம் இறந்த பிறகு, கோவாவுக்குக் கொண்டுபோகப்படும்வரை 1553இல் சில மாதம் இங்கேதான் புதைக்கப்பட்டிருந்தது. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்கும் இந்தக் குன்றுக்கும் அவ்வளவு பழைய தொடர்பு.

அங்கிருந்து கடலைத் தேடுங்கள். தேடத்தான் வேண்டும், ஏனென்றால் மலாக்காவில் கடல் நகர்ந்துவிட்டது. முன்பு அலை, குன்றடியில் இருக்கும் பழைய கோட்டைக்கு அருகில் வந்து அடித்தது. ஹீரன் தெருவின் பெரிய வீடுகளுக்குக் கடல்தான் கொல்லைப்புறம். பிறகு மண்ணைக் கொட்டிக் கொட்டிக் கடலைத் தள்ளினார்கள். அந்த மண்ணில் கடைகளும் ஹோட்டல்களும் எழுந்தன. 1956 பிப்ரவரி 20ஆம் தேதி துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திரம் வரும் தேதியை அறிவித்த திடலும் அன்று கடலை ஒட்டித்தான் இருந்தது. இன்று அங்கே பேரங்காடி. இன்னும் தள்ளி, மண் நிரப்பி உண்டாக்கிய தீவின் ஓரத்தில் 2006இல் திறந்த பள்ளிவாசல் தண்ணீருக்குமேல் தூண்களில் நிற்கிறது. தோட்டத்தை மட்டம் தட்டி வீட்டுமனையாக்குவதை நாம் லாபுவிலும் சென்டாயானிலும் நீலாயிலும் பார்த்தவர்கள். ஒரு நிலத்தின் அடையாளம் எப்படி மறையும் என்பது நமக்குத் தெரியும். அதனால் சுற்றுலாக்காரர்கள் காணாத ஒன்றை இந்தக் குன்றிலிருந்து நம்மால் காண முடியும்.

கீழே இறங்கி ஆற்றைக் கடந்தால் ஜோங்கர் தெரு. அங்கே கூட்டமும் கடையும்தான். வேகமாகத் தாண்டிப் போகலாம். அதற்கு அடுத்த தெருவில் நிதானமாக நடங்கள். ஜாலான் துக்காங் எமாஸ், பொற்கொல்லர் தெரு. பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் அங்கே இருக்கிறது. 1781இல் தைவநாயகம் சிட்டி கட்டியது. நாம் பழகிய வண்ண வண்ணக் கோபுரங்களுக்குப் பக்கத்தில் வைத்தால் இது அடக்கமாகத் தெரியும். கோயில், பிறகு நாம் பார்க்கப்போகும் மலாக்காச் சிட்டிகளுக்குச் சொந்தம், பரிபாலனம் நகரத்தாரிடம். சில எட்டு தள்ளி 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் கட்டிய பள்ளிவாசல். அதற்குக் குவிமாடம் கிடையாது. மூன்றடுக்குக் கூரை, சீனக் கோபுரம்போல ஒரு மினாரா. இன்னும் சற்று நடந்தால் 17ஆம் நூற்றாண்டுச் சீனக் கோயில், செங் ஹூன் தெங். மூன்று வாசலிலும் தனித்தனியே நின்று பார்த்துவிட்டு வாருங்கள். யாரும் உங்களை அவசரப்படுத்தப் போவதில்லை.

சுல்தான்கள் ஆண்ட காலத்தில் இந்தத் துறைமுகத்தை நடத்த நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்காளம், பெகு, பாசாயிலிருந்தும் வரும் வணிகர்களைக் கவனித்தார். பெண்டஹாராவாக, அதாவது சுல்தானின் முதலமைச்சராக, இருந்த துன் முத்தாஹிர் தமிழ் முஸ்லிம் வழியில் வந்தவர். 1511இல் போர்த்துக்கீசர் ஊரைப் பிடித்த பிறகு, நினா சத்து என்று அவர்கள் எழுதிவைத்த இந்து வணிகர் அவர்களின் கீழ் பெரிய பதவியில் இருந்தார். 1514இல் பதவி போனபோது சிதை மூட்டி அதில் இறங்கி உயிரைவிட்டார்.

நம் கூட்டங்களில் இதையெல்லாம் சொல்லி, ‘நாம் கூலியாக வந்தவர்கள் அல்ல’ என்று மேடையில் முழங்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஷாபந்தர் இருந்தார் என்பது உண்மை, நம் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நான் கூலியாக வந்தவர்களின் பேத்தி. அந்த வணிகரை முன்னால் நிறுத்தி என் பாட்டியைப் பின்னால் மறைக்க எனக்கு மனம் வராது. ஷாபந்தர் இருந்ததாக ஏடு சொல்கிறது. அவருடைய கப்பலில் மூட்டை இறக்கிய தமிழனின் பெயரை எந்த ஏடும் சொல்லவில்லை, அவன் மனைவியின் பெயரையும்தான். பொற்கொல்லர் தெருவில் நடக்கும்போது நான் அவர்களையும் சேர்த்து நினைக்கிறேன். நீங்கள் எப்படி நினைப்பீர்கள் என்பது உங்களுடையது. அதற்காகத்தான் தனியாகப் போகச் சொல்கிறேன். மேடையில் நின்று யாரும் உங்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு ஆற்றின் இந்தப் பக்கம் திரும்பி லிட்டில் இந்தியா போங்கள், ஜாலான் பெண்டஹாராவும் தெமெங்கோங்கும் சேரும் பகுதி. வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. நாளின் கடினமான நேரம் இதுதான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கடையில் நுழைந்ததும் “எத்தனை பேர்?” என்பார்கள். ஒருத்திதான் என்று சொல்ல வேண்டும். நமக்குப் பழக்கமில்லாத சொல் அது. பக்கத்து மேசையில் திரும்பிப் பார்ப்பார்கள். பொட்டலமாக வாங்கிக்கொண்டு எங்காவது ஓரமாகப் போய்த் தின்றுவிடலாம் என்று தோன்றும். வேண்டாம், உட்காருங்கள். இலையைப் போடச் சொல்லுங்கள். நமக்கு யாராவது சுடச்சுடப் பரிமாறி நாம் உட்கார்ந்தபடியே முதல் ஆளாகச் சாப்பிட்டது எப்போது? வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டுச் சட்டியை வழித்த கை அது. இரண்டாவது தடவை ரசம் கேளுங்கள். அப்பளம் கேளுங்கள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து யாருக்கும் எதுவும் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை.

வெயில் கொஞ்சம் தணிந்த பிறகு காஜா பெராங்கில் இருக்கும் சிட்டிக் கிராமத்துக்கு வாடகை வண்டி பிடித்துப் போங்கள். மலாக்காவில் நீங்கள் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். சிட்டிகள், சுல்தான்கள் காலத்திலிருந்தே இங்கே வந்து தங்கிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். உள்ளூர்ப் பெண்களை மணந்து, பிறகு வணிகம் கைநழுவி, நிலத்தை நம்பிப் பிழைத்தவர்கள். பெயரில் பிள்ளை இருக்கும், சிட்டி இருக்கும், நாயக்கர் இருக்கும். வீட்டுப் பேச்சு மலாய். விசேஷ நாளில் பெண்கள் கெபாயாவும் சாரோங்கும் கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, மாரியம்மன் கோயிலுக்குப் போவார்கள். பொங்கலுக்கு முந்தின நாள், போகியன்று, இலை விரித்து முன்னோருக்குப் படைப்பார்கள். சிட்டிகளுக்கென்று சிறிய அருங்காட்சியகமும் அங்கே உண்டு.

அவர்களைப் பார்த்துத் ‘தமிழ் மறந்துபோனவர்கள்’ என்று முகம் சுளித்தவர்களை நான் கண்டிருக்கிறேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். போர்த்துக்கீசர், டச்சுக்காரர், ஆங்கிலேயர், ஜப்பானியர் என்று மாறி மாறி வந்த ஆட்சிகளுக்கு நடுவே, ஒரு சிறு கூட்டம் தன் மாரியம்மனையும் தன் படையலையும் விடாமல் வைத்திருக்கிறது. அதை வைத்திருந்தது பெரும்பாலும் அடுப்படிதான், அதாவது நம்மைப்போன்ற பெண்கள்தான். தோட்டம் உடைந்து ஆளுக்கொரு திசையில் போய்க்கொண்டிருக்கிற நமக்கு, இன்னும் நூறு வருஷத்தில் நம் பேரப்பிள்ளைகளிடம் எது மிஞ்சும் என்ற கேள்வி அந்தக் கோயில் வாசலில் நின்றால் எழாமல் இராது. அங்கே யாராவது பேச்சுக் கொடுத்தால் பேசுங்கள். நீங்கள் எந்தத் தோட்டம் என்று சொல்லுங்கள்.

இனி உங்கள் வீட்டாருக்கு. அண்ணன்மார்களே, தம்பிகளே, மாமியார்களே, வீட்டுப் பெண் ஒரு நாள் தனியே போய்வந்தால் குடும்பத்துக்கு என்ன குறைந்துவிடும்? ஊர் பேசும் என்பீர்கள். அதே பெண் ராத்திரி ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் தனியாக இறங்கி இருட்டில் நடந்து வருகிறாள். அப்போது ஊர் பேசுவதில்லை. சம்பளத்துக்காகத் தனியே போகலாம், சந்தோஷத்துக்காகப் போகக்கூடாது என்றால் அது என்ன நியாயம்? அன்று ஒரு வேளைச் சோற்றை நீங்கள் ஆக்கிக்கொள்ளுங்கள். போய்வந்தவளிடம் எவ்வளவு செலவாயிற்று என்று கேட்பதற்கு முன் என்ன பார்த்தாய் என்று கேளுங்கள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். இன்று குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. தம்பின் பக்கத்திலிருந்து போகிறவளுக்குப் பேருந்துக் காசும் சாப்பாடும் சேர்த்து அதில் ஒரு நாள் கூலிக்குள் அடங்கிவிடும். ஆற்றில் படகுச் சவாரி உண்டு, காசு இருந்தால் போங்கள். இல்லையென்றால் கரையோர நடைபாதையில் கம்போங் மோர்ட்டன் வரை நடந்தாலே ஆறு முழுவதும் உங்களுக்குத்தான்.

பயம் இருக்கும். பயப்படுகிறவள் போகக்கூடாது என்று இல்லை. எங்கே போகிறீர்கள் என்று நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கைப்பேசியை முழுக்க மின்னேற்றி வையுங்கள். கைப்பையைச் சாலைப்பக்கம் தொங்கவிடாதீர்கள். தண்ணீர் போத்தல், குடை, பழகிய செருப்பு. கழிப்பறைக்குப் பேரங்காடிகள் வசதி; பெண்கள் வெளியே போகத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று தெரிந்தே எழுதுகிறேன். திங்கட்கிழமை சில காட்சியகங்கள் பூட்டியிருக்கும், வேறு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். மலாக்கா சென்ட்ரலில் இறங்கியதும், நகரப் பேருந்தைத் தேடுவதற்கு முன், உங்கள் ஊருக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று முகப்பில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். போய்வந்த பிறகு எந்தப் பேருந்து, எவ்வளவு காசு, எந்தக் கடையில் சாப்பாடு நன்றாக இருந்தது என்பதை அடுத்த வீட்டு அக்காவிடம் சொல்லுங்கள், அடுத்த மாதம் அவர் போகட்டும்.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி,
தம்பின் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள்